ஆளே ஏறி நின்றாலும் அசராத மூஞ்சூறு! நூறாண்டாகத் தொடரும் முதுகெலும்பு மர்மம்

பிள்ளையார் படத்தைப் பார்க்கும் குழந்தைகள் என்றாவது ஒருநாள் கேட்டுவிடும் கேள்வி இது: "இவ்ளோ பெரிய சாமியை இத்துனூண்டு மூஞ்சூறு எப்படித் தூக்கும்?" வீட்டுப் பெரியவர்கள் ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடுவார்கள்.

ஆப்பிரிக்காவில், காங்கோ நாட்டின் வடகிழக்கில் வாழும் மங்பெட்டு மக்களுக்கு அப்படிச் சமாளிக்க வேண்டிய தேவை இருந்திருக்காது. அவர்களுடைய காட்டில் அப்படியொரு மூஞ்சூறு நிஜமாகவே இருக்கிறது. ஓர் ஆள் முதுகில் ஏறி நின்றாலும் அதற்கு ஒன்றும் ஆகாது என்பது அவர்களுக்குத் தெரியும். வெளியுலகத்துக்கு இது தெரியவந்தே நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும், 'இவ்வளவு பலமான முதுகை வைத்துக்கொண்டு அது காட்டில் என்னதான் செய்கிறது?' என்ற கேள்விக்கு, கண்ணால் பார்த்த பதில் இன்னும் யாரிடமும் இல்லை.

இந்த வாரம் நாம் பார்க்கப்போவது அந்த 'ஹீரோ ஷ்ரூ'வைத்தான். தமிழில் 'வீர மூஞ்சூறு' என்று வைத்துக்கொள்ளலாம். விலங்கியலாளர்கள் அதன் பேரினத்துக்கு வைத்திருக்கும் பெயர் ஸ்கூட்டிசோரெக்ஸ். லத்தீனில் 'ஸ்கூட்டம்' என்றால் கேடயம், 'சோரெக்ஸ்' என்றால் மூஞ்சூறு.

ஒற்றைக்காலில் ஏறி நின்றவர்

1909 முதல் 1915 வரை ஹெர்பர்ட் லாங், ஜேம்ஸ் சாப்பின் என்ற இருவர் காங்கோ காடுகளில் சுற்றித் திரிந்தார்கள். அப்போது காங்கோ பெல்ஜியத்தின் காலனி. நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்காக விலங்குகளையும் பறவைகளையும் சேகரித்து அனுப்புவது அவர்கள் வேலை. ஒட்டகச்சிவிங்கியின் உறவுக்கார விலங்கான ஒகாப்பியைக் கொண்டுவருவது அந்தப் பயணத்தின் முக்கிய நோக்கங்களில் ஒன்று.

மங்பெட்டு மக்களின் பகுதிக்குப் போனபோது லாங் ஒரு வேடிக்கையைப் பார்த்தார். சுமார் 160 பவுண்டு, அதாவது 72 கிலோ எடையுள்ள ஒருவர், வெறுங்காலோடு ஒரு மூஞ்சூறின் முதுகில் ஏறுகிறார். ஒற்றைக்காலில் சமநிலை பிடித்து அதன் மேலேயே சில நிமிடங்கள் நிற்கிறார். வேறு எந்தச் சின்ன விலங்காக இருந்தாலும் அந்த இடத்திலேயே நசுங்கிச் செத்திருக்கும். இதுவோ, அவர் இறங்கியதும் உடம்பை ஒரு சிலிர்ப்பு சிலிர்த்துக்கொண்டு தப்பி ஓடப் பார்த்தது!

அந்த மக்களுக்கு இது வெறும் வேடிக்கை மட்டுமில்லை. சண்டைக்குப் போகிறவர்களும், யானை வேட்டை போன்ற ஆபத்தான காரியத்துக்குக் கிளம்புகிறவர்களும் இந்த மூஞ்சூறின் உடலில் துளியளவாவது கையோடு எடுத்துப்போவார்கள். அது இருந்தால் தங்களை எதுவும் வெல்ல முடியாது என்பது நம்பிக்கை. 'ஹீரோ' என்ற பெயரும் அவர்கள் அழைத்ததிலிருந்து வந்ததுதான்.

கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். இந்த மூஞ்சூறின் எடை 100 கிராம் என்றே வைத்துக்கொள்வோம். தன் எடையைப் போல 700 மடங்குக்கும் அதிகமான சுமையை அது தாங்கியிருக்கிறது. 60 கிலோ எடையுள்ள ஒரு மனிதரின் முதுகில் 42 டன் ஏற்றுவதற்குச் சமம். நேருக்கு நேர் இப்படி ஒப்பிடுவது முழுக்கச் சரியாகாது. உருவம் சிறியதாக ஆக, எடைக்கேற்ற பலம் கூடிக்கொண்டே போகும். எறும்பு தன்னைவிடப் பெரிய பருக்கையை இழுத்துப்போவது அதனால்தான். அந்தச் சலுகையைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், இதே அளவுள்ள மற்ற விலங்குகள் எதுவும் இதன் பக்கத்தில் வர முடியாது.

எலியோடு சேர்க்காதீர்கள்

மூஞ்சூறு என்றதும் 'எலிதானே' என்று நினைப்பவர்கள் அதிகம். இரண்டும் வேறு வேறு. எலி கொறிக்கும் விலங்கு. அதன் முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளரும். மூஞ்சூறு பூச்சியுண்ணி. சிறிய கூர்மையான பற்கள், நீண்டு அசையும் மூக்கு, மங்கலான பார்வை. வண்டு, புழு, மண்புழு என்று கிடைப்பதையெல்லாம் மோப்பத்திலேயே கண்டுபிடித்துச் சாப்பிடும். இரவில் சுவரோரமாக 'கீச் கீச்' என்று ஓடி, ஒரு நாற்றத்தையும் விட்டுப்போகிறதே, அந்த நம் வீட்டு மூஞ்சூறும் காங்கோவின் வீர மூஞ்சூறும் ஒரே குடும்பம்.

வெளித்தோற்றத்தில் வீர மூஞ்சூறு கொஞ்சமும் ஹீரோ மாதிரி இருக்காது. அடர்ந்த சாம்பல் நிற ரோமம், குட்டைக் கால்கள், நீண்ட மூக்கு. கூண்டில் பார்த்தால் 'சற்றே பெரிய மூஞ்சூறு' என்றுதான் யாரும் சொல்வார்கள். விஞ்ஞானிகளும் முதலில் அப்படித்தான் ஏமாந்தார்கள்.

தோல் வந்தது, முதுகு வரவில்லை

இந்த விலங்குக்கு முதன்முதலில் அறிவியல் பெயர் வைத்தவர் ஓல்ட்ஃபீல்ட் தாமஸ். லண்டன் அருங்காட்சியகத்தில் இருந்தபடியே உலகெங்கிலுமிருந்து வந்து குவிந்த பாலூட்டிகளுக்குப் பெயர் சூட்டிக்கொண்டிருந்தவர். உகாண்டாவிலிருந்து வந்த ஒரு மாதிரியை வைத்து 1910-ல் இதை ஒரு புதிய இனமாக விவரித்தார். வான் சோமரன் என்பவரின் நினைவாக 'சோமரெனி' என்று பெயரிட்டார். 1913-ல் இதற்கென்றே ஸ்கூட்டிசோரெக்ஸ் என்ற தனிப் பேரினத்தையும் உருவாக்கினார். பெயரிலேயே கேடயம் இருக்கிறது. ஆனால், அதன் முதுகெலும்பில் இருக்கும் அதிசயம் மட்டும் அப்போது யாருக்கும் தெரியாது.

காரணம் எளிமையானது. அந்தக் காலத்தில் சிறிய பாலூட்டிகளைப் பதப்படுத்தும்போது தோலையும் மண்டையோட்டையும் பத்திரப்படுத்துவதுதான் வழக்கம். இனத்தை அடையாளம் காண ரோமத்தின் நிறமும் பற்களின் அமைப்பும் போதும். உடம்பின் மற்ற எலும்புகளை யாரும் பெரிதாக மதிக்கவில்லை.

லாங்கும் சாப்பினும் கொண்டுவந்த மாதிரிகள் நியூயார்க் போய்ச் சேர்ந்த பிறகு, அங்கிருந்த ஜோயல் ஆசாஃப் ஆலன் அவற்றின் முழு எலும்புக்கூட்டை ஆராய்ந்தார். 1917-ல் அவர் எழுதிய கட்டுரைதான் இந்த முதுகெலும்பை உலகத்துக்குக் காட்டியது. பெயர் வைத்து ஏழு ஆண்டுகள் கழித்து! அதே கட்டுரை வழியாகத்தான் லாங் பார்த்த அந்த ஒற்றைக்கால் வேடிக்கையும் வெளியே வந்தது. காட்டில் இருந்தவர்கள் காலால் மிதித்தே காட்டிய உண்மையை, அருங்காட்சியகம் எலும்பைப் பிரித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

கோத்துக்கொண்ட விரல்கள்

அப்படி என்னதான் இருக்கிறது அந்த முதுகில்?

நம் இடுப்புப் பகுதியைத் தொட்டுப் பாருங்கள். விலா எலும்புகள் முடியும் இடத்துக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே இருப்பவை இடுப்பு முள்ளெலும்புகள். மனிதருக்கு ஐந்து. பெரும்பாலான பாலூட்டிகளுக்கும் அதையொட்டித்தான். வீர மூஞ்சூறுக்குக் குறைந்தது பத்து.

எண்ணிக்கை மட்டும் விசேஷம் இல்லை. ஒவ்வொரு முள்ளெலும்பும் தடித்து, உருண்டு இருக்கும். அதன் பக்கவாட்டிலும் அடியிலும் விரல் போன்ற சின்னச் சின்ன முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும். முன்னால் உள்ள எலும்பின் முனைகளும் பின்னால் உள்ள எலும்பின் முனைகளும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து பூட்டிக்கொள்ளும். இரண்டு கைகளின் விரல்களையும் கோத்து இறுக்கிப் பிடித்தால் எப்படி இருக்கும், கிட்டத்தட்ட அப்படி. வேறு எந்தப் பாலூட்டியிடமும் இந்த அமைப்பு கிடையாது.

டென்னிஸ் கல்லினேனும் அவரோடு சேர்ந்தவர்களும் 1998-ல் இதை அளந்து பார்த்தார்கள். சாதாரணமாக ஒரு சின்னப் பாலூட்டியின் மொத்த எடையில் முதுகெலும்பின் பங்கு 0.5 முதல் 1.6 சதவிகிதம். வீர மூஞ்சூறுக்கு அது சுமார் 4 சதவிகிதம். எந்நேரமும் இரை தேடி ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பிராணிக்கு எலும்பில் ஏறும் ஒவ்வொரு கிராமும் பாரம்தான். அதைச் சுமந்து திரிய கூடுதல் சாப்பாடு வேண்டும். அப்படியிருந்தும் இத்தனை எலும்பை அது வைத்திருக்கிறது என்றால், ஏதோ ஒரு பெரிய லாபம் இருந்தாக வேண்டும்.

மனிதர் ஏறி நிற்பதைத் தாங்குவதற்காக இது வந்திருக்க முடியாது. காட்டில் எந்த மனிதரும் தினமும் மூஞ்சூறு மேல் ஏறி நிற்பதில்லை. அப்படியென்றால் எதற்கு?

காங்கோவில் கிடைத்த இன்னொரு ஹீரோ

இந்தக் கேள்வி கிட்டத்தட்ட நூறு ஆண்டுகள் அப்படியே கிடந்தது. பேரினத்தில் இருந்தது ஒரே ஒரு இனம். ஒப்பிட்டுப் பார்க்க இதைப் போன்ற வேறு விலங்கு கிடையாது. சாதாரண முதுகிலிருந்து இப்படியொரு முதுகு படிப்படியாக வந்ததா, திடீரென்று வந்ததா என்பதுகூடத் தெரியவில்லை. பரிணாம வளர்ச்சியைப் படிப்பவர்களுக்கு இது ஒரு புரியாத புதிராகவே இருந்தது.

2012-ல் நிலைமை மாறியது. காங்கோவின் த்ஷுவாப்பா ஆற்றுப் பகுதியில், பாலெக்கோ என்ற கிராமத்துக்கு அருகே பிடிபட்ட ஒரு மூஞ்சூறு, வழக்கமான வீர மூஞ்சூறைவிடச் சிறியதாக இருந்தது. எடை சுமார் 50 கிராம். அதன் முதுகிலும் அதே மாதிரி பூட்டிக்கொள்ளும் எலும்புகள். ஆனால், இடுப்பு முள்ளெலும்புகள் எட்டுதான். பக்கவாட்டு விரல்முனைகளும் குறைவு. மரபணுவும் வேறாக இருந்தது. ஆக, இது இரண்டாவது இனம்!

சிகாகோவில் உள்ள ஃபீல்ட் அருங்காட்சியகத்தின் வில்லியம் ஸ்டான்லி தலைமையிலான குழு 2013-ல் இதை உலகுக்கு அறிவித்தது. கின்ஷாசா, கிசங்கானி பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த காங்கோ ஆய்வாளர்களும் அந்தக் குழுவில் இருந்தார்கள். ஸ்கூட்டிசோரெக்ஸ் தோரி என்று பெயர் வைத்தார்கள். தோர்வால்ட் ஹோம்ஸ் என்ற அருங்காட்சியகப் பொறுப்பாளரைக் கௌரவிக்கும் பெயர் அது. கூடவே, நார்ஸ் புராணத்தில் சுத்தியலோடு வரும் பலசாலிக் கடவுள் தோரையும் அது ஞாபகப்படுத்துகிறது.

ஐந்துக்கும் பத்துக்கும் நடுவே எட்டு. சாதாரண மூஞ்சூறுக்கும் வீர மூஞ்சூறுக்கும் இடையில் இப்படியொரு நிலை சாத்தியம் என்பதைக் காட்டியது தோரி. அது பழைய இனத்தின் மூதாதை என்று சொல்லிவிட முடியாது. இரண்டும் இன்று உயிரோடு இருக்கும் சகோதர இனங்கள். ஆனால், இந்த விசித்திர முதுகு ஒரே தாவலில் வந்திருக்க வேண்டியதில்லை என்று நினைக்க அது இடம் கொடுத்தது.

மட்டைக்கு நடுவே ஒரு ஜாக்கி

அதே கட்டுரையில்தான் 'எதற்கு' என்ற கேள்விக்கும் முதன்முறையாக நம்பும்படியான ஒரு யோசனை வந்தது. அதற்கான துப்பு ஆய்வகத்தில் கிடைக்கவில்லை. கிராமத்தில் கிடைத்தது.

கட்டுரையை எழுதியவர்களில் ஒருவர் லின் ராபின்ஸ். காங்கோவில் உள்ளூர் மக்கள் வண்டுப் புழுக்களைச் சேகரிக்கப் பனை வகை மரங்களைத் தேடிப்போவதை அவர் கவனித்திருந்தார். அந்தப் புழுக்கள் அங்கே சத்தான உணவு. மரத்தின் தண்டை ஒட்டி இறுக்கமாக ஒட்டிக்கொண்டிருக்குமே மட்டையின் அடிப்பாகம், அதற்கும் தண்டுக்கும் இடையில்தான் புழுக்கள் ஒளிந்திருக்கும். மனிதர்கள் மட்டையைப் பிய்த்து எடுப்பார்கள். பனையோ தென்னையோ பக்கத்தில் உள்ளவர்களுக்குத் தெரியும், பச்சை மட்டையை வெறும் கையால் தண்டிலிருந்து விலக்குவது லேசான வேலை இல்லை.

வீர மூஞ்சூறு அந்த இடுக்கில் புகுந்து, முதுகை வளைத்து நிமிர்த்தினால்? கார் டயர் மாற்றும்போது வண்டிக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்குகிறோமே, அதுபோல அதன் முதுகே ஒரு ஜாக்கி. இடுக்கு விரியும். மற்ற எந்தப் பூச்சியுண்ணிக்கும் எட்டாத புழுக்கள் அதற்கு மட்டும் எட்டும். கீழே விழுந்து கிடக்கும் மரக்கட்டைகளையும் கற்களையும்கூட இப்படி நெம்பித் தூக்கலாம் என்பது ஸ்டான்லி குழுவின் ஊகம். எலும்புக்குச் செலவழித்த எடைக்குக் கிடைக்கும் லாபம் அதுவாக இருக்கலாம்.

2020-ல் அதே ஃபீல்ட் அருங்காட்சியகத்தின் ஸ்டெஃபனி ஸ்மித்தும் கென்னத் ஆங்கியல்சிக்கும் இன்னும் ஒரு படி உள்ளே போனார்கள். மாதிரிகளை உடைக்காமல் சி.டி. ஸ்கேன் எடுத்து, முள்ளெலும்புகளுக்கு உள்ளே இருக்கும் நுண்ணிய எலும்பு இழைகளைப் பார்த்தார்கள். எலும்பு தன் மேல் விழும் பாரத்துக்கு ஏற்ப உள்ளுக்குள் தன்னை அமைத்துக்கொள்ளும் குணமுடையது. எந்தத் திசையில் அழுத்தம் அதிகமோ, இழைகள் அந்தத் திசையில் வரிசைகட்டும். வீர மூஞ்சூறின் எலும்புக்குள் இருந்த அடையாளங்கள், தலைக்கும் வாலுக்கும் இடையே நீளவாக்கில் வரும் பலத்த அழுத்தத்தைத் தாங்கும் முதுகு இது என்று காட்டின. இடுக்கில் புகுந்து நெம்பும் விலங்கு என்ற யோசனையோடு அது ஒத்துப்போகிறது.

ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். நிரூபணம் ஆகவில்லை.

ஏன் இன்னும் யாரும் பார்க்கவில்லை?

செவ்வாய் கிரகத்தில் வண்டி ஓட்டும் காலத்தில், ஒரு மூஞ்சூறு மட்டையை நெம்புகிறதா இல்லையா என்று பார்க்க முடியாதா என்று தோன்றும். அது அவ்வளவு சுலபம் இல்லை.

முதலில், இடம். அடர்ந்த மழைக்காடு, சதுப்பு, சாலை இல்லாத தூரங்கள். காங்கோவின் கிழக்கு, வடகிழக்குப் பகுதிகளில் பல ஆண்டுகளாக ஓயாத ஆயுத மோதல்கள் வேறு. ஆய்வாளர்கள் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் தங்கிக் கண்காணிக்கும் சூழல் எளிதில் அமைவதில்லை.

அடுத்து, விலங்கின் சுபாவம். மூஞ்சூறுகள் உயிர்வாழ அடிக்கடி சாப்பிட்டாக வேண்டும். கூண்டில் சிக்கினால் பசியாலும் பதற்றத்தாலும் சில மணி நேரத்திலேயே இறந்துபோவது உண்டு. யானைக்கும் புலிக்கும் காட்டுவது போல, இலைச்சருகுக்கு அடியில் ஓடும் 50 கிராம் பிராணிக்குக் கழுத்துப்பட்டை மாட்டி அனுப்பவும் முடியாது. தானியங்கிக் கேமராக்களும் பெரும்பாலும் பெரிய விலங்குகளை மனதில் வைத்தே அமைக்கப்படுகின்றன.

மூன்றாவது, ஆர்வம். கொரில்லாவுக்கும் ஒகாப்பிக்கும் கிடைக்கும் கவனமும் பணமும் மூஞ்சூறுக்குக் கிடைப்பதில்லை. ஸ்டான்லி போன்ற சிலர்தான் வாழ்க்கையையே இந்தச் சின்ன விலங்குகளுக்காகச் செலவிட்டார்கள். அவரும் 2015-ல் எத்தியோப்பியாவில் களப்பணியில் இருந்தபோதே காலமானார்.

காங்கோ, உகாண்டா, ருவாண்டா, புருண்டி என்று பரவியிருக்கும் பழைய இனத்துக்கு உடனடி ஆபத்து இல்லை என்றே சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியல் சொல்கிறது. ஆனால், காங்கோ படுகையில் காடு ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வருகிறது. சிறு விவசாயிகள் வயிற்றுப்பாட்டுக்காகக் காட்டை வெட்டி, எரித்துப் பயிரிடுவது அதற்கு முக்கியக் காரணம். வேறு வழியில்லாதவர்களைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. ஒரு விலங்கு எப்படி வாழ்கிறது, எந்த மரத்தை நம்பி இருக்கிறது என்று தெரிந்தால்தான், எதை விட்டுவைக்க வேண்டும் என்றாவது சொல்ல முடியும். வீர மூஞ்சூறு விஷயத்தில் அதுதான் இன்னும் தெரியவில்லை.

சாப்பின் பார்த்த இறகு

லாங்கோடு போன ஜேம்ஸ் சாப்பினுக்கு நடந்த ஒரு சம்பவத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 1913-ல் காங்கோ காட்டில் ஒருவர் தலையில் அணிந்திருந்த அலங்காரத்தில் இருந்து ஓர் இறகை அவர் எடுத்து வைத்துக்கொண்டார். அது எந்தப் பறவையின் இறகு என்று அவருக்கு விளங்கவில்லை. 1936-ல் பெல்ஜியத்தின் டெர்வூரன் அருங்காட்சியகத்தில், இந்திய மயிலின் இளம் பறவைகள் என்று தவறாகக் குறித்து ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த இரண்டு பதப்படுத்திய பறவைகளைப் பார்த்தார். அந்த இறகு இவற்றுடையதுதான் என்று புரிந்தது. அப்படித்தான் ஆப்பிரிக்காவுக்கென்றே ஒரு மயில், காங்கோ மயில், இருப்பது உலகத்துக்குத் தெரிந்தது. அந்தக் காட்டுக்காரருக்கு அது தலையில் செருகும் அளவுக்குப் பழகிய பறவை!

மூஞ்சூறின் கதையும் இதேதான். அதன் முதுகு பலமானது என்பதை அருங்காட்சியகத்துக்கு முன்பே அறிந்திருந்தவர்கள் மங்பெட்டு மக்கள். அந்த முதுகு எதற்காக இருக்கலாம் என்பதற்கான துப்பு, புழு எடுக்கப் போன கிராமத்தவர்களின் வேலையிலிருந்து கிடைத்தது. ஆனால், இரண்டு இனங்களின் அறிவியல் பெயர்களிலும் அந்த மக்களின் அடையாளம் ஒரு எழுத்துகூட இல்லை. 'ஹீரோ' என்ற செல்லப்பெயரில் மட்டுமே அவர்கள் இருக்கிறார்கள்.

மூஞ்சூறு மட்டையை நெம்புவதை இனி யாராவது பார்க்கப்போகிறார்கள் என்றால், அவர் கேமராவோடு வரும் ஆய்வாளராக இருக்கலாம். புழு எடுக்க மரத்தடிக்குப் போகும் ஒருவர் ஏற்கெனவே பார்த்தும் இருக்கலாம். அவரிடம் போய்க் கேட்பதற்கு ஆள் வேண்டும். அவர் சொல்வதை எழுதிக்கொள்ளவும், அது உண்மையா என்று பொறுமையாகச் சோதித்துப் பார்க்கவும் ஆள் வேண்டும். அதற்குள் மரங்களும் அங்கே நின்றுகொண்டிருக்க வேண்டும்.